பராமரிப்பு இல்லத்தில் வன்முறை நேர்ந்தால்: குடும்பத்தார் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

தாயையோ தந்தையையோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்க்க நேரும் பிள்ளைகள், சேர்க்கும் நாளில் பல கேள்விகளைக் கேட்கின்றனர். உணவில் உப்பைக் குறைப்பார்களா, இரவில் செவிலியர் இருப்பாரா, மருத்துவர் வாரத்திற்கு எத்தனை முறை வருவார், கழிவறையில் பிடிமானக் கம்பி உண்டா என்பன போன்றவை அவை. யாவும் தேவையான கேள்விகளே. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. இங்கு எவரேனும் கைநீட்டினால், அல்லது ஆயுதத்தோடு எவரேனும் உள்ளே வந்துவிட்டால், நீங்கள் என்ன செய்வீர்கள்? இவ்வாறு கேட்பது இல்லத்தாரை அவமதிப்பதாகும் என்று நாம் தயங்குகிறோம். நல்ல இல்லம் இக்கேள்வியால் மனம் வருந்தாது. அதற்கான விடையை முன்னரே எழுதி வைத்திருக்கும்.

பணியிட வன்முறை என்றதும் ஆலையும் அலுவலகமும் நினைவுக்கு வரலாம். உங்கள் தாய்க்கு வீடாக இருக்கும் அதே அறைதான் அவரைக் குளிப்பாட்டும் உதவியாளருக்குப் பணியிடம். எனவே அங்கு நேரும் வன்முறை இருவரையும் ஒருங்கே பாதிக்கிறது. தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் இதனை நான்கு வகையாகப் பிரிப்பர். திருட்டு முதலான குற்ற நோக்கத்துடன் வரும் அந்நியர் செய்வது ஒன்று; சேவை பெறுபவரோ அவருடைய உறவினரோ செய்வது மற்றொன்று; பணியாளர்கள் தமக்குள் செய்துகொள்வது மூன்றாவது; பணியாளர் ஒருவரோடு சொந்த வாழ்வில் தொடர்புடையவர் அவரைத் தேடி வந்து செய்வது நான்காவது. பராமரிப்பு இல்லங்களில் அன்றாடம் காணப்படுவது இரண்டாம் வகை. நான்காம் வகை அரிதாயினும் மிகக் கொடியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயத்தம் என்றால் என்ன என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கார்த்தேஜ் என்றொரு சிற்றூர் உள்ளது. 2009 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கிருந்த பைன்லேக் என்னும் முதியோர் பராமரிப்பு இல்லத்திற்குள் ஒருவன் துப்பாக்கிகளுடன் நுழைந்தான். அவனை விட்டுப் பிரிந்திருந்த மனைவி அங்கே செவிலியர் உதவியாளராகப் பணிபுரிந்து வந்தார். எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எழுவர் அங்குத் தங்கியிருந்த முதியோர், ஒருவர் செவிலியர். அவன் தேடி வந்ததாகக் கருதப்படும் மனைவியோ உயிர் தப்பினார். அன்று அவர் பணியிலிருந்த மறதிநோயாளர் பிரிவின் கதவு, இரகசிய எண்ணை அழுத்தினாலன்றித் திறவாத கதவு. நோயாளிகள் வழிதவறி வெளியே சென்றுவிடக் கூடாது என்பதற்காக அமைக்கப்பட்ட அப்பூட்டு, அன்று அப்பிரிவினரைக் காத்தது. தனியொருவராக உள்ளே சென்ற காவலர் ஒருவர், தாமும் காயமுற்ற நிலையில், அவனைச் சுட்டு வீழ்த்திக் கைது செய்தார்.

ஆபத்து அவ்வில்லத்துக்குள் தோன்றியதன்று. பணியாளர் ஒருவருடைய மணவாழ்விலிருந்து வாசல் வழியே வந்தது. நம் ஊர் இல்லங்களிலும் நோயாளிகளைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டும் பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். அவர்களுள் வீட்டில் அடிபடுபவரும், பணியிடம் வரை கணவன் தொடர்ந்து வந்து மிரட்டுவதைச் சகிப்பவரும் இருக்கக்கூடும். அத்தகைய பெண் மேற்பார்வையாளரிடம் தம் நிலையைச் சொன்னால், ‘வீட்டுச் சண்டையை இங்கே கொண்டு வராதே’ என்று அனுப்பிவிடும் நிர்வாகம், தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது என்பது என் கருத்து. அடுத்து வரும் பெண் வாய் திறக்க மாட்டார். மாறாக, அவர் சொன்னதை வாயிற்காவலருக்கு அறிவித்து, வரக்கூடிய நபரின் படத்தைக் கொடுத்து, சில காலம் பணிநேரத்தை மாற்றி, மகளிர் உதவி எண் 181 ஐயும் தெரிவித்தால், அவரும் காக்கப்படுவார். மேல்மாடியில் படுத்திருக்கும் உங்கள் தாயும் காக்கப்படுவார்.

கார்த்தேஜில் பூட்டு காத்தது என்பதைப் படித்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் பூட்டிவிடலாம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். இதற்கு மறுபக்கம் நம் மாநிலத்திலேயே உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். ஓடிவிடுவார்கள், அடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தினால் மனிதரைக் கட்டி வைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்நிகழ்வு சான்று. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. மனநல நிலையங்களில் ஒருவரை உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவது உடனடித் தீங்கைத் தடுப்பதற்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ அதைச் செய்தல் கூடாது. அவ்வாறு செய்த ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்திற்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. ஆகவே இல்லத்தைப் பார்வையிடும்போது பூட்டிய கதவைக் கண்டால் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள். வெளியாள் உள்ளே வராதபடி இது எவ்வாறு தடுக்கும்? தீ எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் நின்றாலோ இது எவ்வாறு திறக்கும்? முதல் கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தால் அந்த ஆயத்தம் பாதியே.

ஆயுததாரி நுழையும் சூழலுக்கென அமெரிக்காவில் பரவலாகக் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுண்டு. ஹூஸ்டன் மாநகரம் 2012 இல் வெளியிட்ட காணொளியால் பெயர் பெற்றது அது: முடிந்தால் ஓடு, இயலாவிடில் ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையெனில் எதிர்த்துப் போராடு. அலுவலகத்திற்கு இது பொருந்தும். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர், உயிர்வளிக் குழாய் பொருத்தப்பட்டவர், ‘ஓடு’ என்ற சொல்லே விளங்காத மறதிநோயாளர் ஆகியோர் நிறைந்த இடத்தில் இதற்கு என்ன பொருள்? செவிலியர் தம் உயிரைக் காத்துக்கொள்ள ஓடலாமா, நோயாளியை விட்டுச் செல்வது கடமை தவறுவதாகுமா? 2014 இல் அந்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டி இச்சங்கடத்தை மறைக்கவில்லை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுமாறு சொல்கிறது. நீண்டகால இல்லங்களுக்கு நடைமுறையில் உகந்தது பெரும்பாலும் ‘இருந்த இடத்திலேயே காப்பு’ என்ற முறைதான். நடைபாதையில் இருப்போரை அருகிலுள்ள அறைக்குள் கொண்டு சென்று, கதவைத் தாழிட்டு, கட்டிலைக் கதவுக்கு நேர்க்கோட்டிலிருந்து விலக்கி, விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்து, கைப்பேசியை ஒலியற்றதாக்கி அமைதி காத்தல். இதற்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவுகள் வேண்டும். அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி, அன்றாடம் நேர்வதைப் பார்ப்போம். இதில்தான் குடும்பத்தாரின் பங்கு மிகுதி.

எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுதும் எவரையும் கடிந்து பேசாதவர். மறதிநோய் முற்றியபின் இல்லத்தில் சேர்க்கப்படுகிறார். மூன்றாம் நாள் காலை, குளிப்பாட்ட வந்த உதவியாளரின் முகத்தில் அறைந்துவிடுகிறார். செய்தி கேட்ட மகன் நம்ப மறுக்கிறார். ‘என் அப்பா அப்படிப்பட்டவர் அல்லர், நீங்கள் ஏதோ செய்திருப்பீர்கள்’ என்கிறார். உதவியாளரோ ‘இது இந்த வேலையில் சகஜம்’ என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் செல்கிறார். இருவர் கூற்றும் தவறு. பெரியவரின் இடத்தில் நின்று பாருங்கள். முன்பின் அறியாத ஒருவர் விடியற்காலையில் வந்து, விளங்காத வேகத்தில் ஏதோ சொல்லி, தம் உடையைக் களைய முற்படுகிறார். காது கேட்கும் கருவி மேசைமேல் கிடக்கிறது. அவர் தாக்கவில்லை, தம்மைத் தற்காத்துக்கொள்கிறார். மறதிநோயாளரிடம் காணப்படும் கைநீட்டலில் பெரும்பகுதி குளிப்பாட்டும்போதும், உடை மாற்றும்போதும், கழிவறைக்கு அழைத்துச் செல்லும்போதும் நிகழ்வது இதனால்தான். மாலை மயங்கும் வேளையில் சிலருக்குக் குழப்பம் கூடும். வீட்டிற்குப் போக வேண்டும் என்று கதவை நோக்கி நடப்பார்கள், தடுப்பவரைத் தள்ளுவார்கள்.

ஒருவருடைய நடத்தை ஓரிரு நாளில் திடீரென்று மாறினால், அதை முதுமையின் மேலோ மறதிநோயின் மேலோ போட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை அளவின் ஏற்ற இறக்கம், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய அல்லது திடீரென நிறுத்திய மருந்து ஆகிய எதுவும் முதியவரின் மூளையைச் சில மணி நேரத்தில் குழப்பிவிடும். டெலிரியம் எனப்படும் இந்நிலை மருத்துவ அவசரம். காரணத்தைக் கண்டு சிகிச்சை செய்தால் பலருக்குத் தணியும். இதை அறியாமல் ‘முரட்டு நோயாளி’ என்று பெயரிட்டு உறக்க மருந்து கொடுத்துக் கிடத்திவிட்டால் தொற்று வளரும், அவர் எழும்போது விழுவார், எலும்பு முறியும். அப்பெயரும் குறிப்பேட்டிலிருந்து எளிதில் நீங்காது.

ஆகையால் சேர்க்கும் நாளில் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருமுறை கரண்டியை எறிந்தார், இரவில் என்னைத் திருடன் என்று எண்ணிக் கழுத்தைப் பிடித்தார் என்பதைச் சொன்னால் இடம் தர மாட்டார்களோ என்ற அச்சத்தில் பலர் மறைத்துவிடுகின்றனர். அம்மறைவின் விலையை, எதுவும் அறியாமல் அவரை நெருங்கும் இரவுப்பணி உதவியாளரே கொடுக்கிறார். எது அவரைச் சினமூட்டும், எது தணிக்கும் என்ற இரண்டையும் எழுதிக் கொடுங்கள். மாலையில்தான் குளிப்பார், தலையில் திடீரென்று நீர் ஊற்றினால் பதறுவார், ‘தாத்தா’ என்றால் பிடிக்காது, ‘சார்’ என்றால் இணங்குவார், பழைய திரைப்பாடல் ஒலித்தால் அமைதியாவார், இடதுதோளில் வலியுண்டு, அக்கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இத்தகைய ஒரு பக்கக் குறிப்பு, வாயிலில் நிற்கும் இரு காவலர்கள் செய்ய இயலாததைச் செய்யும். வாழ்க்கை வரலாறும் சிறிது இருக்கட்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து நடமாடும் ஒருவர் முன்னாள் பால் வியாபாரி என்று தெரிந்தால், அவரைப் பிடித்துப் படுக்க வைப்பதற்குப் பதிலாக ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அமர வைக்க எவருக்கும் தோன்றும்.

பணியாளருக்கு அளிக்கப்படும் பயிற்சியின் சாரத்தை நீங்களும் அறிந்திருப்பது நல்லது, வீட்டிலும் பயன்படும். எதிரே நெஞ்சோடு நெஞ்சாக நில்லாமல், ஒரு கை நீளத்திற்கும் அப்பால், சற்றுப் பக்கவாட்டில் நிற்றல். வெளியேறும் வழியைத் தம் முதுகுக்குப் பின்னோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளுதல். அதே வேளையில் கோபத்தில் இருப்பவரை மூலையில் அடைக்காமலும் இருத்தல். ஒருவர் மட்டுமே பேசுதல், தாழ்ந்த குரலில், சிறுசிறு சொற்களால். ‘இது உங்கள் வீடு அன்று, உங்கள் மனைவி இறந்து பத்தாண்டு ஆயிற்று’ என்று திருத்த முயலாதிருத்தல். குளியலை அரைமணி நேரம் தள்ளிப்போட்டால் உலகம் முடிந்துவிடாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடா, இழுத்தால் தானே அறுபடும் வகையாக இருத்தல் என்பது போன்ற சிறு செய்திகளும் இப்பயிற்சியில் அடங்கும்.

உறவினர் செய்யும் வன்முறை வேறு. இதைப் பற்றி நோயாளர்களின் குடும்பத்தார் படிக்கும் இதழில் எழுதுவது எளிதன்று. எனினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள அரசு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். தாய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை குறித்து மனக்குறை கொண்டிருந்த இளைஞர் கைது செய்யப்பட்டார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச்சட்டம் உண்டு. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண் மருத்துவர் கொலையுண்டதை அடுத்து, தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்திற்குள் நிறுவனமே காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தன் மருத்துவ நிலையங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் சட்டம் அடி விழுந்த பின்னரே வருகிறது. மாதக்கணக்கில் உறக்கம் இழந்து, பணமும் தீர்ந்து, விடை தராத நடைபாதையில் காத்திருக்கும் மகனின் சினம் ஒரே நாளில் மூள்வதன்று. நோயின் போக்கைத் தெளிவாகச் சொல்ல ஒருவரும், குறை கேட்க ஒரு குறிப்பிட்ட நேரமும், அழுவதற்குத் தனியறையும் இருக்கும் இடத்தில் அச்சினத்தில் பெரும்பகுதி வாசலிலேயே தணியும். இவற்றையும் அவசர ஆயத்தத்தின் பகுதியாகவே நான் கருதுகிறேன். கோபம் எல்லை மீறுவதை உணரும் பராமரிப்பாளர், தாம் தனித்து வராமல் இன்னொருவரை உடன் அழைத்து வருவதும், குறையை எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் பேசுவதும் தாழ்வு ஆகாது.

குடும்பத்தார் திட்டத்தைப் பற்றிக் கேட்பது உரிமையா என்று சிலர் வினவலாம். அமெரிக்காவில் மெடிகேர், மெடிகெய்ட் நிதி பெறும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு, 2016 இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அவசரகால ஆயத்த விதி இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. எல்லா வகை ஆபத்தையும் மதிப்பிட்டுத் திட்டம் தீட்டுதல், தொடர்பு ஏற்பாடு, பணியாளர் பயிற்சி, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை ஆகியவற்றோடு, திட்டத்தின் உரிய பகுதிகளைத் தங்கியிருப்போருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் தெரிவிக்கும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. நம் ஊரில் எவரும் தடுக்கப்போவதில்லை, தாராளமாகக் கேட்கலாம். இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பணியாளர்? தனியாக இருக்கும் உதவியாளர் ஆபத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவார், அதன் ஒலி எங்கே கேட்கும், யார் ஓடி வருவார்? வருகையாளர் பெயர் எழுதப்படுகிறதா? கடைசி ஒத்திகை எப்போது, அதில் இரவுப்பணியினர் பங்கேற்றனரா? பகலில் மட்டும் ஒத்திகை நடத்தும் இல்லங்கள் பல. இரவிலோ கட்டடம் முழுவதற்கும் இரண்டே பேர் இருப்பர். அருகிலுள்ள காவல் நிலையத்தாருக்கு இல்லத்தின் வழிகள் தெரியுமா? நடக்க முடியாதவர் எத்தனை பேர், எந்த அறையில் என்ற பட்டியல் உடனே எடுக்கும் இடத்தில் உள்ளதா? விடை தெரியாத மேலாளரை நான் குறைகூற மாட்டேன். விடையைத் தேடிச் சொல்கிறேன் என்கிறாரா, சிரித்து மழுப்புகிறாரா என்பதையே கவனிப்பேன்.

நீங்கள் பார்க்கச் சென்ற நேரத்திலேயே கலவரம் மூண்டால், கூட்டம் கூடி நிற்காதீர்கள்; கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். உங்கள் நோயாளியை அருகிலுள்ள அறைக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்துங்கள். சக்கர நாற்காலியின் தடையைப் போட மறவாதீர்கள். ஆயுதம் இருந்தால் 112 ஐ அழைத்து, இல்லத்தின் பெயர், தெரு, எந்த மாடி, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதை இவ்வரிசையில் சொல்லுங்கள். காயமுற்றோருக்கு 108. வெளியிலிருந்து செய்தி கேட்பவர்கள் வாகனத்தை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு ஓடி வந்தால் ஆம்புலன்சின் வழி அடைபடும். குடும்பத்தாருக்கான தொடர்பு எண் எது, கூடுமிடம் எது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதை அனுப்பி வையுங்கள். உள்ளே வரும் காவலருக்கு யார் எவரெனத் தெரியாது. கைகளை வெளியே தெரியும்படி வைத்து, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பின்னர் வரும் நாட்களைப் பலரும் மறந்துவிடுகின்றனர். சிறிதோ பெரிதோ, ஒவ்வொரு நிகழ்வும் நேரம், இடம், அதற்கு முன் நடந்தது என்ன என்பவற்றோடு ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரே நோயாளி மூன்று முறையும் குளியலறையில்தான் கைநீட்டினார் என்பது அப்பதிவேட்டைப் பார்த்தால்தான் புலப்படும். அதன்பின் மாற்ற வேண்டியது குளியல் முறையே, நோயாளியை அன்று. அடிபட்ட உதவியாளருக்குச் சிகிச்சையும் ஓய்வும் தந்து, அதே அறைக்கு உடனே தனியாக அனுப்பாதிருத்தல் நிர்வாகத்தின் கடமை. நேரில் கண்ட மற்ற முதியோர் இரவில் உறங்காமலும் உணவை மறுத்தும் இருக்கக்கூடும். அவ்வாரத்தில் அடிக்கடி சென்று அருகே அமருங்கள். உங்கள் தந்தையின் கையால் அடிபட்டவர் இருந்தால், அவரைத் தேடிச் சென்று நலம் விசாரியுங்கள். மன்னிப்புக் கேட்பதால் உங்கள் தந்தை குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

குறித்து வைத்துக்கொள்ள: காவல்துறை உள்ளிட்ட அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மகளிர் உதவி 181, முதியோர் உதவி 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. இல்லத்தின் இரவுநேரத் தொலைபேசி எண்ணையும் இவற்றின் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பகலில் தரப்படும் அலுவலக எண்ணை இரவில் எடுக்க ஆளில்லாமல் போகலாம்.